கருத்துப்படம் கண்ட பாரதியார்

திருவாலங்காட்டுத் திருக்கோயிலை அறியாதார் நம் மாவட்டத்தில் அரியர். ஐம்பெருஞ் சபைகளுள் இரத்தினசபை எனப் போற்றப்பெறும் அத்தலத்தில், காளியோடு இறைவன் ஆடிய ஊர்த்துவ தாண்டவத்தை மக்கள் கண்டு தொழுகின்றனர். ஆடும் பெருமானின் அடிக்கீழ் இருந்து பாடும் பேறு பெற்றவர் காரைக்காலம்மையார். அவ்வம்மையாரைச் சிற்பியர் எவ்வாறு வடித்துள்ளனர் என்பதை நாம் நினைவு கூர்தல் வேண்டும். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், கன்னங்கள் குழிந்துள்ளன, கைகால்கள் காய்ந்த சுள்ளிகள் போல்வன. உலகில் நாம் காணும் எந்த மூதாட்டியும் அத்துணை மெலிந்திருப்பதில்லை. உருவத்தை வேண்டுமென்றே மிகைப்படுத்தி, உடலழகை உதறிய உள்ளத்தின் துணிவைச் சிற்பி காட்டிவிடுகின்றான். பதிகம் படிக்க அறியாத உழவனும் அவ்வுருவைக் கண்ட அளவிலே பொருளுணர்ந்து கைகுவிக்கின்றான்.

இங்குப் பத்திக்குப் பயன்பட்ட மிகைப்பாடு என்னும் இவ்வுத்தியே, நகைச்சுவைக்கும் அரசியலுக்கும் பயன்படும்போது கருத்துப்படம் எனப் பெயர் பெறுகின்றது. விகடசித்திரம் என்றும், கார்ட்டூன் என்றும், கேலிச்சித்திரம் என்றும் அதனை வழங்குவர். இலண்டனில் 1841-ஆம் ஆண்டு தோன்றிய 'பஞ்ச்' என்னும் இதழால் இக்கலை உலகெங்கும் பரவியது. அமெரிக்க நாட்டில் தாமஸ் நாஸ்ட் என்பார் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வார இதழில் வரைந்த படங்கள், நியூயார்க் நகரத்தின் பொதுப்பணத்தைச் சூறையாடிய வில்லியம் ட்வீட் என்பவனின் செல்வாக்கை 1871-ஆம் ஆண்டு வாக்கில் குலைத்தன. சிறையினின்றும் தப்பி ஓடிய ட்வீட், 1876-இல் ஸ்பெயின் நாட்டில் பிடிபட்டபோது, நாஸ்ட் வரைந்த படமொன்றே அவனை அடையாளங் காட்ட உதவிற்று. எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வர் என்பதே அவனுக்கிருந்த பேரச்சம் என்பர்.

படிப்பறிவில்லாதாரே பெரும்பாலராயிருந்த நம் நாட்டில் இக்கருவியின் ஆற்றலை உணர்ந்து, தமிழ்ப் பத்திரிகையில் அதனை முதன்முதல் நிலைபெறச் செய்தவர் யார் எனில், கவியரசராக நாம் யாவரும் போற்றும் சுப்பிரமணிய பாரதியாரே ஆவர். அவர் பாடல்களைப் பள்ளிப் பருவந்தொட்டே நாம் பாடி வருகின்றோம். எனினும், பத்திரிகாசிரியராக அவர் ஆற்றிய இத்தொண்டும், அதன் பொருட்டுச் செலுத்தப்பட்ட விலையும் நம் மாணாக்கர் பலருக்குத் தெரியா. ஆதலின் அவற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். பதினொன்றாம் வயதில் எட்டயபுரம் அவைப்புலவர் முன்னிலையில் தம் கவித்திறத்தைக் காட்டிப் பாரதி என்னும் பட்டம் பெற்றார். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிற் பயின்றார். 1897-இல் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டே தந்தையையும் இழந்தார். பின்னர் அத்தையார் ஆதரவில் காசிக்குச் சென்றார். அங்கே மிஷன் கல்லூரியிலும் ஜெய் நாராயண் கல்லூரியிலும் கற்று, அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தின் பிரவேசத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். ஒரு மிஷன் கல்லூரியின் வாயிலில் இவரும் ஏடு சுமந்து நுழைந்தார் என்பது நமக்கு உவகை தரும் செய்தியன்றோ! காசியின் கங்கைக் கரையிலே பல மொழியினரையும் பல தேயத்தினரையும் கண்டு பழகிய அந்நாட்களில், எட்டயபுரத்துச் சிறுவனின் உள்ளத்தில் பாரத நாடு முழுவதும் இடம் பெற்றது.

1902-இல் எட்டயபுரம் மன்னர் அழைப்பிற்கிணங்கித் தாயகம் திரும்பிய அவர், அரண்மனைப் பணியில் நெடுநாள் அமைதி கொண்டிருக்க இயலவில்லை. 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராயிருந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் வந்து குவியும் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கித் தருவது பாரதியார்க்கு இடப்பட்ட தொழில். இதனைச் சிறு தொழில் என்று கருதுதல் வேண்டா. பண்டிதர் நடையிலே பழகிய ஒருவர், கடைத்தெருவில் நிற்பவனுக்கும் விளங்கும்படி எழுதக் கற்றது இங்கேதான். படிப்போன் யாவன், அவனுக்கு எத்துணை தெரியும், எவ்வாறு சொன்னால் அவன் உள்ளத்தில் பதியும் என்னும் மூன்று வினாக்களை அச்சுக்கூடம் அவருக்கு நாள்தோறும் விடுத்தது.

அந்நாளில் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசியக் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு காசிக் காங்கிரசுக்குச் சென்று மீண்ட பாரதியார், வழியில் நிவேதிதா தேவியாரைக் கண்டு அவரைத் தம் குருவாகக் கொண்டார். மிதமாக எழுதும் நாளிதழில் துணையாசிரியராயிருந்து தம் உள்ளத்தனலைக் காட்ட இயலாத நிலையில், 1906-ஆம் ஆண்டு மே திங்களில் 'இந்தியா' என்னும் வாரப் பத்திரிகை தோன்றிற்று. மண்டயம் குடும்பத்தார் அதற்குப் பொருள் உதவினர். எழுத்துப் பொறுப்பு பாரதியாருடையது. செந்நிறத் தாளில் அச்சாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று கொள்கைகளாகிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அதன் முகப்பிலே திகழ்ந்தன. அவற்றோடு ஒரு பெரிய சித்திரமும் முகப்பை அணி செய்தது. அதுவே தமிழர் முன்பு கண்டிராத புதுமை.

அப்புதுமையின் தேவையை உணர்தற்கு ஒரு கணக்கை நோக்குவோம். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஐவர் என்னும் அளவினரே. எஞ்சிய தொண்ணூற்றைவருக்கும் பத்திரிகை வெறுங் காகிதம். ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதே அக்காலத்து வழக்கம். திண்ணையிலோ கடைவாயிலிலோ அங்ஙனம் கூடியிருப்போரிடம், முகப்பிற் படமுள்ள ஒரு தாள் கைம்மாறிச் செல்லும்போது, கேட்டவன் காண்பவனும் ஆகின்றான். காண்பவன் வினவுகின்றான்; வினவியவன் நகைக்கின்றான்; நகைத்தவன் வீட்டிற்குச் சென்று பிறர்க்கும் உரைக்கின்றான். அதிகாரத்தைக் கண்டு நடுங்கியிருந்த குடியானவன், அவ்வதிகாரத்தின் கோலத்தைக் கண்டு ஒருமுறை நகைத்துவிட்டானாயின், முன்போல் நடுங்க அவனால் இயலாது. இதனைப் பாரதியார் நன்குணர்ந்திருந்தார்.

படம் வெளியிடுதல் அந்நாளில் எளிய செயலன்று. எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் அமைத்தற்கு அச்சுக்கூடத்தில் ஆட்கள் இருந்தனர். சித்திரத்துக்கோ வரைவோன் வேண்டும். வரைந்ததை அச்சிலேற்றத் தனியே அச்சுக்கட்டை வேண்டும். வாரந்தோறும் அச்செலவு வேண்டும். இலாபம் கருதாத ஒரு சிறு பத்திரிகை இதனை மேற்கொண்டது துணிவே. இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பம்பாயில் 'இந்திப் பஞ்ச்', இலட்சுமணபுரியில் 'அவத் பஞ்ச்' முதலிய இதழ்கள் அவ்வம்மொழியினரை நகைப்பித்து வந்தன. பாரதியார் தாமே தூரிகை பிடித்தவரல்லர். எனினும், எச்செய்தியைப் படமாக்குவது, யாரை எக்கோலத்தில் நிறுத்துவது என்று கருத்தமைப்பதும், அதற்கு விளக்கம் எழுதுவதும் ஆசிரியர்க்குரிய வேலைகளாயின. படத்தின் கீழே அதன் பொருள் விரிவாகத் தரப்பெற்றது. கருத்துப்படம் காணும் பழக்கமே இல்லாத மக்களுக்கு, அதனைக் காணும் முறையையும் உடன் கற்பித்தாக வேண்டியிருந்தது. ஆசிரியராயிருந்த பழக்கம் இங்கும் அவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

சுதேசியம், அந்நியப் பொருள் விலக்கு, பஞ்சம், வரிச்சுமை, அடக்குமுறை, காங்கிரசுக்குள் நிதானக் கட்சிக்கும் தீவிரக் கட்சிக்கும் மூண்ட பிணக்கு ஆகிய அக்காலத்துப் பெருஞ் செய்திகளை 'இந்தியா' எழுத்தாலும் படத்தாலும் மக்கள் முன் வைத்தது. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். அம்முயற்சிக்கு இப்பத்திரிகை உற்ற தோழனாய் நின்றது. 1907-ஆம் ஆண்டு இறுதியில் சூரத்து நகரில் காங்கிரசு இரு கூறாகப் பிளந்தபோது, பாரதியாரும் சிதம்பரம் பிள்ளையும் திலகரின் பக்கம் நின்றனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நாம் மறத்தலாகாது. பாரதியாரின் ஏளனத்துக்குப் பெரிதும் இலக்கானோர் நிதானக் கட்சியினர். அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர் சென்னை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். ஜி. ஏ. நடேசன் என்னும் அறிஞர் பாரதியாரை அவரிடம் அழைத்துச் சென்று பாடல்களைப் பாடச் செய்தார். தம் கட்சியை வாரந்தோறும் எள்ளும் பத்திரிகையின் ஆசிரியர் இவர் என்பதை அறிந்தும், கிருஷ்ணசாமி ஐயர் அப்பாடல்களில் உள்ளம் உருகினார். 1907-இல் மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக 15,000 படிகள் தம் செலவில் அச்சிடுவித்து இலவசமாக வழங்கினார். கொள்கையிலே பகை, கலையிலே மதிப்பு என்னும் இப்பெருந்தன்மை இருவரையும் உயர்த்துகின்றது. எள்ளப்பட்டவரும் எள்ளியவரின் நாட்டன்பை ஐயுறவில்லை என்பதை இதனால் அறிகின்றோம். கருத்தை எள்ளுதல் வேறு; மனிதனை வெறுத்தல் வேறு. நல்ல கருத்துப்படத்துக்கும் வசைக்கும் உள்ள எல்லை இதுவே.

அரசாங்கத்தாரிடம் அத்தகைய பெருந்தன்மையை எதிர்பார்த்தல் இயலாது. 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். பின்னர் 'இந்தியா'வின் மீதும் அரசின் கை நீண்டது. சட்டப்படி பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன் என்பார். எழுதியவர் பாரதியார் என்பது ஊரறிந்த செய்தியாயினும், ஏட்டிலிருந்த பெயர் சீனிவாசனுடையது. ஆகஸ்டுத் திங்களில் அவர் கைதானார். அரசுத் துரோகமான கட்டுரைகளை வெளியிட்டார் என்னுங் குற்றத்தின் பேரில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்தப் பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

இச்செயலைப் பற்றி அன்றும் இன்றும் இருவகைக் கருத்து உண்டு. தாம் எழுதியதற்குத் தாமே முன்நின்று விடை கூறியிருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அவரும் சிறைப்பட்டிருந்தால் பத்திரிகை அன்றே மாண்டிருக்கும்; நாட்டுக்கு அதனால் நன்மை யாது என்பர் மற்றொரு சாரார். பாரதியாரிடத்து நாம் கொண்ட அன்பு காரணமாக முதற் கருத்தை எளிதிற் புறக்கணித்துவிடுதல் நேர்மையாகாது. ஒருவர் எழுத மற்றொருவர் தண்டனை ஏற்றார் என்பது மறுக்க முடியாத உண்மை. அதே வேளையில், பாரதியார் சென்றது இன்பம் நாடியன்று. பத்தாண்டுக் காலம் ஒற்றர் சூழ்ந்த தெருவில், வறுமையோடு, தாய்நாட்டு எல்லையைத் தொட்டு நின்றும் உள்ளே கால்வைக்க இயலாதவராய் வாழ்ந்தார். இருவரும் விலை கொடுத்தனர். ஆயினும் ஒருவர்க்குப் புகழ் வாய்த்தது, மற்றொருவர்க்கு அது வாய்க்கவில்லை. பாரதியாரின் பெயரைச் சொல்லும்பொழுது சீனிவாசனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் நாம் செலுத்த வேண்டிய கடன் என்று கருதுகின்றோம்.

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. அச்சமின்றி எழுத அங்கே இடமிருந்தது. முகப்புச் சித்திரங்களும் தொடர்ந்தன. ஆனால் பத்திரிகையைப் படிக்க வேண்டிய தமிழர் எல்லைக்கு இப்புறம் இருந்தனர். பிரிட்டிஷ் அரசாங்கம் எல்லையில் அதனைத் தடுத்தது. தபாலில் வந்த படிகள் பறிபோயின. சந்தாதாரர்க்குச் சென்று சேராத பத்திரிகை எத்துணை நாள் உயிர் வாழும்? 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களோடு 'இந்தியா' நின்றது. முழுதும் சித்திரங்களாலேயே நிறைந்த 'சித்திராவளி' என்னும் இதழொன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப் பாரதியார் திட்டமிட்டிருந்தார். அதுவும் கைகூடவில்லை. அவ்விதழ் வெளிவந்திருப்பின் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறே வேறாகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

பத்திரிகை என்னும் வாயில் அடைபட்டபின் அவர் உள்ளம் கவிதையிற் பெருகியது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகிய மூன்றும் புதுச்சேரி வாழ்வின் கனிகள். அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கே அவருக்குத் துணையாயினர். 1918-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த அவரைக் கடலூருக்கருகே கைது செய்து சில வாரம் சிறையில் வைத்தனர். விடுதலைக்குப்பின் மனைவியாரின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். 1920-இல் மீண்டும் 'சுதேசமித்திரன்' அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டு பிழைத்தெழுந்தும், பின்னர் வந்த வயிற்று நோயால் 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில், முப்பத்தெட்டாம் வயதிலேயே, மண்ணுலகு நீத்தார். அவர் இறுதி ஊர்வலத்தில் உடன் சென்றோர் மிகச் சிலரே என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1930-களில் 'ஆனந்த விகடன்' இதழில் மாலி என்னும் ஓவியர் தமிழர் இல்லந்தோறும் நகைப்பைக் கொண்டு சேர்த்தார். தில்லியில் சங்கர் பிள்ளை 1948-இல் தொடங்கிய 'சங்கர்ஸ் வீக்லி', பிரதமர் நேருவையே வாரந்தோறும் எள்ளி நகையாடியும் அவர் அன்பை இழக்கவில்லை. 1975-இல் அவ்விதழ் நின்றது. அமெரிக்காவில் ஹெர்ப்ளாக் என்று கையொப்பமிட்டு வந்த ஹெர்பர்ட் பிளாக், 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில், அயலாரையெல்லாம் பொதுவுடைமையர் என்று பழிதூற்றி அச்சுறுத்திய செனட்டர் மக்கார்த்தியின் போக்கைத் துணிந்து வரைந்தார். அப்போக்குக்கு இன்று வழங்கும் பெயரே 1950-ஆம் ஆண்டு அவர் தீட்டிய படமொன்றிற் காணப்பட்டது. நாடு பலவாயினும் கருவி ஒன்றே. அதனை எடுத்தவர் ஏற்க வேண்டிய பொறுப்பும் ஒன்றே.

மாணாக்க நண்பர்களே! இன்று படம் வரைதற்கு அச்சுக்கட்டை வேண்டியதில்லை. கைப்பேசியை எடுத்து ஒருவர் முகத்தை நொடியில் திரித்து, மறு நொடியில் ஆயிரவர்க்கு அனுப்பிவிடலாம். அனுப்பியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. அன்றோ, அச்சிட்ட ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மனிதர் பெயர் கொடுத்து நின்றார். அப்பெயருக்காகச் சிறையும் புகுந்தார். எளியவரை எள்ளுதற்கும், உடற்குறையைச் சுட்டி நகைத்தற்கும் துணிவு வேண்டா. வலியவரின் பிழையைச் சுட்டி, அதன் கீழே தன் பெயரையும் எழுதுதற்கே துணிவு வேண்டும். உங்கள் விடுதிச் சுவரிலோ, கையெழுத்துப் பத்திரிகையிலோ, கைப்பேசியிலோ ஒரு நகைப்படம் தீட்ட முற்படும்போது, இதனை யாருக்காக வரைகின்றோம், யாரை எள்ளுகின்றோம், இதற்கு விடை கூற நாமே முன்வருவோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், தயங்காது தூரிகையை எடுங்கள்.